ஆள் நின்றால் உடையும் படம்

டிவி மெக்கானிக் ஆன்டெனாவைக் கூரையில் வைத்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. மரத்தில் கட்டிப் பார்த்தான், வெறும் புள்ளிகள். கடைசியில் பின்ஜன்னலை ஒட்டிய குழாயில், இடுப்பு உயரத்தில் கட்டியபோதுதான் நாலு இலவச சேனல்கள் விழுந்தன. குன்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான் சிக்னல் நுழைகிறதாம்.

"உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு வருதுக்கா. ஜன்னலுக்குப் பின்னால ஒரு ஆள் வந்து நின்னாலே படம் உடைஞ்சிடும். கோழி கீழி போனா பரவாயில்ல."

தையல்காரி சிரித்தாள். புருஷனை விட்டு ஓடிவந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இருக்கும் இடம் தம்பிக்கு மட்டுமே தெரியும். வீடு என்று பெயர்; உண்மையில் பழைய சரக்கறை. ஜன்னலுக்குத் தடித்த கம்பிகள். கதவுக்கு வெளியே முழங்கை நீளத் தாழ்ப்பாள், உள்ளே பேருக்கு ஒரு கொக்கி.

பள்ளிச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. வெளிச்சம் துணியில் விழ வேண்டும் என்பதால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். எதிர்ச் சுவரில் டிவி. கண் ஊசியில், காது செய்தியில்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், மூன்றே முக்கால் மணிக்கு, செய்தி வாசிப்பவளின் தாடை நெற்றிக்கு ஏறி உறைந்தது. குரல் நொறுங்கி நின்றது. பதினொரு நிமிடம். பிறகு அவள் எதுவும் நடக்காதது போல வானிலை சொன்னாள். மறுநாளும் அதே நேரம், அதே பதினொரு நிமிடம். கோழி கடிகாரம் பார்த்து வராது.

மூன்றாம் நாள் படம் உடைந்தபோது திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை. படம் சரியாகி வெகுநேரம் கழித்தே பின்பக்கம் போனாள். ஜன்னலுக்குக் கீழே இரண்டு செங்கற்கள். ஆடாமலிருக்க மண் அணைத்து, அருகருகே வைக்கப்பட்டிருந்தன. ஏறி நின்று பார்த்தாள். அவள் நாற்காலியும் அதற்கு நேரே டிவியும் தெரிந்தன.

தம்பிக்குப் போன் செய்தாள். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டான்.

"ஸ்டேஷன்ல போய் என்ன சொல்லுவே, டிவி படம் உடையுதுன்னா? மாமாவுக்கு அவ்வளவு பொறுமை இருந்திருந்தா நீ ஏன் விட்டுட்டு வரப்போறே."

தம்பிக்குத் தெரியாது. ஒருமுறை அவள் குளியலறையில் தாழிட்டுக்கொண்டபோது, வெளியே ஸ்டூலைப் போட்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கதவைத் திறக்கும்வரை.

அன்றிலிருந்து டிவிதான் அவளுக்குக் காவல். படம் ஓடினால் தைப்பாள். உடைந்தால் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். அவன் நிற்கிறான் என்று தெரிவதே பாதி நிம்மதி.

அப்புறம்தான் திரையின் அடியில் அந்த வரி வந்தது: ஒன்றாம் தேதி நண்பகலுடன் இப்பகுதியில் இலவச ஒளிபரப்பு நிறுத்தப்படும். மெக்கானிக்கிடம் போனில் கேட்டாள்.

"டிஷ் போட்டுடலாம்க்கா. அது வானத்தைப் பார்த்து நிக்கும். பின்னால பத்துப் பேரு நின்னாலும் படம் அசையாது" என்றான் பெருமையாக.

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒன்றாம் தேதி பன்னிரண்டு மணிக்கு நாலு சேனல்களும் போயின. நீலத் திரை; நடுவில் 'சிக்னல் இல்லை'. இனி ஆள் நின்றாலும் நீலம், நிற்காவிட்டாலும் நீலம். முதுகு முழுக்கக் கூசியது. மூன்றரைக்கு மேல் உட்கார முடியவில்லை. அவன் வருவதற்குள் அந்த இடத்தில் தானே போய் நிற்பது என்று முடிவு செய்தாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு, பின்பக்கம் போனாள்.

மூன்றே முக்கால் ஆனது. சந்தில் யாருமில்லை. நாலு மணி ஆயிற்று. யாருமில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவன் செங்கல்லில் ஏறி நின்றதும் படம் உடைவதை, அவள் முதுகு விறைப்பதை அவனும் பார்த்திருப்பான். படம் உறைந்தாலும் அடியில் அந்த வரி உறைந்து நின்றிருக்கும். அதையும் படித்திருப்பான். படம் போனால் அவளே கதவை விட்டுப் பின்பக்கம் வருவாள் என்று கணக்குப் போட்டிருப்பான்; இன்றைக்கு அவன் பின்பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

செங்கல்லில் ஏறி உள்ளே பார்த்தாள்.

அவள் நாற்காலியில், முதுகைக் காட்டியபடி அவன் உட்கார்ந்திருந்தான். நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். கறுத்த கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. கம்பிகள் தெரிந்தன. கம்பிகளுக்கு நடுவே அவள் தலை தெரிந்தது.

அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே இருந்தான். அவனுக்குப் பொறுமை உண்டு.

வெளித் தாழ்ப்பாள் அவள் நினைவுக்கு வந்தது. நாற்காலியிலிருந்து கதவுக்கு அவனுக்கு நாலு எட்டு. வீட்டைச் சுற்றி அவளுக்குப் பதினாலு. துருப்பிடித்த தாழ்ப்பாள், இழுக்க இரண்டு கையும் வேண்டும்.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள்.