ஓடையைக் காய்ச்சியவள்

என் மனைவி வீரம்மா ஒருமுறை ஓர் ஓடையையே அடுப்பில் வைத்துக் காய்ச்சி இறக்கினாள். குடத்துத் தண்ணீரைச் சொல்லவில்லை. மேலே மொட்டைப் பாறையில் பிறந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் விழுந்து போகிற ஓடையைச் சொல்கிறேன். மூன்று கல் வைத்து, தீ மூட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகு அது போகிற வழியிலேயே போகவிட்டாள். கீழே தொழிற்சாலை வரைக்கும் மீன்கள் வெந்து மிதந்தன. ஹட்டன் டவுனில் அன்றைக்குக் குழாயைத் திறந்தவர்கள் தேயிலைத் தூளையும் சீனியையும் மட்டும் போட்டுக்கொண்டார்கள்.

இதை ஹட்டனில், தண்ணீர் சோதிக்கிற ஆபீசில், வினோதா மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். பஸ் கண்டக்டர், இப்போது ஓய்வு என்றேன். “அதான்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு “உள்ள போங்க, பின்னால காலியா இருக்கு” என்று கூவியே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவன் நான். மூன்றும் இப்போது கொழும்பில் இருக்கின்றன. அங்கேயும் பஸ்ஸில் இடமில்லையாம்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கிற லயங்களுக்கெல்லாம், காட்டுக்குள் வேலி போட்டுக் காக்கிற ஓர் ஊற்றிலிருந்து புதுக் குழாய் போடுவதாக ஒரு திட்டம் வந்தது. எல்லாருக்கும் ஒரே மூச்சில் போட முடியாது. எந்த லயத்துத் தண்ணீர் மிக மோசமோ அங்கே முதலில். பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வராத எங்கள் கீழ்க்கணக்கு லயம் இதிலாவது வரும் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டோம். எங்கள் ஓடை சும்மா வருவதில்லை. முதலில் மரக்கறித் தோட்டங்களுக்குள் புகுந்து உரத்தையும் மருந்தையும் கழுவிக்கொள்ளும். அப்புறம் மாட்டுப்பட்டிகளை விசாரித்துவிட்டு வரும். மழைக்காலத்தில் மேல்லயத்துக் கக்கூஸ் குழிகள் நிரம்பி வழிந்து அதோடு சேர்ந்துகொள்ளும். எங்கள் தண்ணீரில் இல்லாத கிருமி இனிமேல்தான் பிறக்க வேண்டும். இடமில்லாமல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருகிற கிருமிகளை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சோதனை முடிவு வந்தபோது, எங்கள் தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லை என்றிருந்தது. அந்தப் பக்கத்திலேயே மிகச் சுத்தமான தண்ணீர் எங்களுடையதுதான். அதனால் குழாய் எங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

அதற்குக் காரணம் வீரம்மா. வினோதா மிஸ் வருவதற்கு முதல் நாள் போன் பண்ணியிருந்தார். நாளைக்குக் காலையில் தண்ணீரைப் பரீட்சை பார்க்க வருகிறேன், யாராவது வீட்டில் இருங்கள் என்று சொன்னாராம். போனை எடுத்தவள் வீரம்மா. வைத்த கையோடு சேலையை இடுப்பில் இழுத்துச் சொருகினாள். அவள் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். தொழிற்சாலையில் பரீட்சை பார்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். டீமேக்கர் ஐயா கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டிப் பார்த்துத் துப்புவார். ஆகவே பரீட்சை என்றால் வாயில் வைப்பது. அப்படியானால் நாளைக்கு ஒரு வயசுப்பிள்ளை மலையேறி வந்து எங்கள் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கப்போகிறது.

அதைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போய் மெசினில் வைப்பார்கள், யாரும் குடிக்கமாட்டார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். மெசினுக்கு நாக்கா இருக்கிறது என்று கேட்டாள். சரி, குடித்தால்தான் என்ன, அழுக்கு என்று தெரிந்தால்தானே நமக்குக் குழாய் வரும் என்றேன்.

“கொழா வந்தா வரட்டும். அதுக்காக ஊரான் பெத்த புள்ளைக்கு வயித்தால போகணுமா? மிட்வைப் மிஸ் எத்தன தடவ சொல்லிட்டுப் போனாங்க, காச்சாம யாருக்கும் குடுக்காதீங்கன்னு. நீங்க போயி வெறகப் பொளங்க.”

எத்தனையோ வருடம் பஸ்ஸில் ஒரு பயணியிடமும் வாய்ச்சண்டையில் தோற்காத நான், கோடரியை எடுத்துக்கொண்டு போனேன்.

லயத்துக்குப் பின்னால், கல்மேடையில், கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று இருக்கிறது. ஓடைத் தண்ணீர் குழாய்வழியாக அதில் விழுந்து, அங்கிருந்து எங்கள் வாசல் குழாய்க்கு வரும். வீரம்மாவும் பக்கத்துக் காம்பரா மீனம்மாவும் வரும் குழாயை அடைத்தார்கள். தாங்கியை வழித்துத் தேய்த்துக் கழுவினார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குச் சோறாக்குகிற அண்டாக்களைக் கோயிலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் படபடவென்று எரிந்தன. கொதிக்கக் கொதிக்க வாளியில் மொண்டு, ஏணியில் ஏறி, தாங்கியில் ஊற்றினார்கள். சூடு தாங்காமல் தாங்கியின் வயிறு ஒரு பக்கம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரித் தள்ளிக்கொண்டது. பொழுது சாய்கிற நேரம், கடைசியாக வீரம்மா தானே ஏணியில் ஏறிப் போய், உள்ளே குனிந்து என்னவோ செய்துவிட்டு மூடியைப் போட்டாள். இறங்கும்போது அவளுடைய பழைய பச்சைச் சேலையில், மஞ்சள் புள்ளி போட்ட முந்தானையில், ஒரு மூலை கிழிந்திருந்தது. ஓடை கடித்துவிட்டதா என்று கேட்டேன். போங்க அங்கிட்டு என்றாள்.

மறுநாள் வினோதா மிஸ் வந்தார். கையுறை போட்டு, குழாயின் வாயை நெருப்பால் சுட்டு, போத்தலில் பிடித்து மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இதையெல்லாம் வீரம்மா, சோறு போட்டும் சாப்பிடாமல் எழுந்துபோகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள். மேடேறி வந்த களைப்போ, அவள் நீட்டிய விதமோ, மிஸ் வாங்கிப் பாதி குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வீரம்மாவுக்கு அன்றைக்கு முகம் நிறைந்திருந்தது.

மழை பிடித்தது. லயத்தில் ஒவ்வொருவராகக் கண் மஞ்சளாகிச் செங்கமாரியில் படுத்தார்கள். வீரம்மா எல்லாருக்கும் காய்ச்சிக் கொடுத்தாள். எனக்குக் காய்ச்சினாள். தனக்கு மட்டும் குழாயடியில் குனிந்து கையில் பிடித்துக் குடித்தாள். விறகு ஈரம், ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டுவதா என்பாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கண், நகம், உள்ளங்கால் எல்லாம் மஞ்சளாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட நீ இவ்வளவு மஞ்சள் பூசவில்லை என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் தாதி வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். நான் வெளியே வந்து பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கட் வாங்கினேனா என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கருமாதிச் சாப்பாட்டில் ஒரு கூடை கொச்சிக்காயைப் பச்சையாகக் கடித்துத் தின்றேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கூடை இல்லை, நாலு காய். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஓடையைக் காய்ச்சிய கதையைச் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டுப் போனார்கள். காலையில் எழும்புவேன். தேத்தண்ணி ஊற்றுவேன். அது ஆறிப்போகும். ஊற்றிவிட்டு இன்னொன்று ஊற்றுவேன்.

மீனம்மாவின் மருமகள் சர்மிளாவுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் செங்கமாரி வந்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து, தண்ணீரில் கவனமாக இருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பெண் அதற்குப்பிறகு குழாயைத் திறக்கவே பயந்தது. குளிப்பதற்குக்கூடக் காய்ச்சிய தண்ணீர் வேண்டுமென்றது. அன்றைக்குத்தான் நான் ஹட்டன் பஸ் ஏறினேன். முதல் சோதனை செல்லாது, அது எங்கள் தண்ணீரே இல்லை, காய்ச்சிய தண்ணீர் என்று வினோதா மிஸ் ஒத்துக்கொண்டால்தான் எங்களுக்கு மறுபடி பரீட்சை. இல்லாவிட்டால் எங்கள் முறை எல்லாருக்கும் கடைசியில்.

மிஸ் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஆனால் நம்பவில்லை.

“ஐயா, நான் போற எடத்துல எல்லாரும் தண்ணிய அழுக்காக்கித்தான் காட்டுவாங்க, கொழா கெடைக்கணும்னு. ஒரு லயத்துல சாணியவே கரைச்சு வச்சிருந்தாங்க. நீங்க என்னடான்னா தாங்கி முழுக்கக் காச்சி ஊத்துனோம்ங்கிறீங்க. எதுக்கு?”

எதுக்கு என்று கேட்டால் நான் என்ன சொல்ல. உங்கள் வாய்க்காக என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

நான் மறுபடி மறுபடி போனேன். போகப்போக அண்டாக்கள் பெருகின. ஒரு தடவை போனபோது கோயில் அண்டா, பள்ளிக்கூட அண்டா, பொல்பிட்டியவிலிருந்து லொறியில் வந்த அண்டா எல்லாம் சேர்ந்துவிட்டன. இன்னொரு தடவை போனபோது ஓடை பொங்கி ரோட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். வினோதா மிஸ் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனம்மா என்னைத் திட்டினாள்.

“அண்ணே, நடந்தத நடந்த மாதிரி சொல்லித் தொலைங்களேன். ரெண்டு அண்டான்னு சொன்னா அந்தப் புள்ள நம்பியிருக்கும். வீட்டுல நான் ஒருத்திய வச்சுக்கிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க ஓடைங்கிறீங்க, மீனுங்கிறீங்க.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு அண்டா என்றால் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஓடை என்றால் வீரம்மா இன்னும் கொஞ்ச நேரம் அடுப்படியில் நிற்பாள். இதை மீனம்மாவிடம் சொல்லவில்லை.

போன வாரம், போன் எதுவும் வராமல், பனிமூட்டத்துக்குள்ளிருந்து வினோதா மிஸ் ஏறி வந்தார். தோளில் ஐஸ் பெட்டி. உங்கள் தொல்லை தாங்காமல் வந்தேன் என்றார். ஆனால் பழைய முடிவை மாற்றுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், தாங்கியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான் என்றார். வீரம்மா வீட்டில் இல்லையா என்று கேட்டார். நான் அண்டாக்களைப் பற்றி அவ்வளவு சொல்லியிருந்தேன், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. மீனம்மாதான் சொன்னாள். மிஸ் தோளிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

பிறகு தாங்கியைச் சுற்றி வந்தார். தள்ளிய வயிற்றைத் தடவிப் பார்த்து, வெயிலில் இளகியிருக்கும் என்றார். எங்கள் ஊர் வெயிலில் துவைத்த துணியே காயாது என்றேன். அவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டோர்ச் அடித்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். வீரம்மாவுக்குப் பிறகு அந்தத் தாங்கியை யாரும் கழுவவில்லை. அடியில் சேறு ஒரு சாண் இருக்கும். அதற்குள் ஏதோ கிடக்கிறது, ஒரு கம்பு கொடுங்கள் என்றார்.

மூங்கில் கம்பில் கம்பியை வளைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் துழாவி எடுத்துக் கல்மேல் போட்டது, செத்த எலி மாதிரி, வழவழவென்று ஒரு கறுப்பு உருண்டை. நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மிஸ் கையுறையோடு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மிதக்காமல் இருப்பதற்காக வைத்த ஒரு கூழாங்கல். அதைச் சுற்றி, ஊதிக் கறுத்துப்போய், ஒரு பிடி சீரகம். தன் பைக்குள்ளிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்தத் துணிமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சேறு போகப்போகப் பச்சை வந்தது. பிறகு ஒரு மஞ்சள் புள்ளி. பிறகு இன்னொன்று.

“அக்கா சேல” என்றாள் மீனம்மா.

நான் கல்லருகே குந்தினேன். வீரம்மா வந்தவர்களுக்கு வெறுந்தண்ணீர் கொடுக்கமாட்டாள், சீரகம் போட்டுத்தான் கொடுப்பாள். அது எனக்குத் தெரிந்ததுதான். அவள் ஏணி உச்சியில் குனிந்து என்ன செய்தாள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

மிஸ் ஒரு கையுறையைக் கழற்றினார். சீரகத்தில் இரண்டை எடுத்து விரலில் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே வைத்திருந்தார்.

“அன்னைக்கி எனக்குக் குடுத்தாங்களே, அதுல சீரகம் மணந்துச்சு” என்றார். “டம்ளர் வாசம்னு நெனச்சேன்.”

வாசலில் சர்மிளா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றது. மிஸ் அதைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து புதுப் போத்தல் ஒன்றை எடுத்தார். குழாயைத் திறந்தார். தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் இருமி இருமி வந்தது. அதைப் பிடித்து மூடினார். இந்தத் தடவை யாரும் டம்ளர் நீட்டவில்லை.

பிறகு, பழைய சோதனை ஏன் செல்லாது என்று எழுதவேண்டும் என்றார். எத்தனை அண்டா என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டு” என்றேன். “ரெண்டே ரெண்டு, மிஸ்.”

அவர் எழுதவில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடை நெடுகிலும் பனி, உலையிலிருந்து எழும்புகிற ஆவி போல மேலே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இல்லீங்கய்யா” என்றார். “ஓடையத்தான் காச்சியிருக்காங்க.”