கலைத்துக் கேட்ட கேள்விகள்

கடற்கரைக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்கப் பழக்குவதுதான் அந்த ஸ்பானிஷ் இணையத்தளத்தின் முதற் பயிற்சி. வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழுகிற தூரத்தில், தலைமன்னாரில் குடியிருக்கும் அன்ரோனெற்றுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“மூடடி இதை. கடற்கரை தெரியாத ஆக்களுக்கு ஆரும் படிப்பிக்கட்டும். எனக்கு ஆசுபத்திரி வேணும்.”

றினோஸா மூடினாள். போனுக்குக் காசு போடுகிற, போட்டோக்கொப்பி அடிக்கிற அந்தச் சின்னக் கடை அவளுடையது. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருத்தியை ஒருத்தி திட்டக் காரணம் தேடிய வழக்கம் அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அன்று பின்னேரம் கடைக் கணினியில் அவள் திறந்தது ஏழாவது தளம். முன்பு திறந்தவற்றில் ஒன்று பழங்களின் பெயரை விட்டு நகர மாட்டேன் என்றது. இன்னொன்று மூன்று பயிற்சி முடிந்ததும் வங்கி அட்டை இலக்கம் கேட்டது.

விஷயம் விளையாட்டல்ல. அன்ரோனெற்றின் கணவர் அலெக்ஸாண்டர் இரண்டு வருடமாக ஸ்பெயின்காரரின் மீன்பிடிக் கப்பலில் வேலை. தென்னமெரிக்கப் பக்கம் கணவாய் பிடிக்கப் போன இடத்தில் காய்ச்சல் தொடங்கி, நெஞ்சில் இறங்கி, மூச்சு முட்டி, உருகுவே நாட்டில் மொன்ரவிடியோ என்ற துறைமுகப் பட்டினத்து ஆசுபத்திரியில் அவரைச் சேர்த்திருந்தார்கள். ஒன்பது நாளாயிற்று. கப்பலோ அவருடைய பெட்டியையும் போனையும் சுமந்துகொண்டு திரும்பக் கடலுக்குப் போய்விட்டது. கொழும்பிலிருக்கும் ஏஜென்சிக்காரர் நாளுக்கு ஒருதரம் ‘ஸ்ரேபிள்’, அதாவது நிலையில் மாற்றமில்லை, என்று ஒற்றைச் சொல் அனுப்புவார். அதற்கு மேல் கேட்டபோது வார்ட் தொலைபேசி இலக்கத்தைத் தந்து, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். அங்கே எடுக்கிற தாதிக்கு ஸ்பானிஷைத் தவிர எதுவும் தெரியாது.

மொழிபெயர்க்கிற செயலியையும் ஒருதரம் பிடித்துப் பார்த்தாயிற்று. தாதி பேசிய வேகத்தில் அது பாதியை விழுங்கிவிட்டு, ‘உங்கள் கணவர் மின்விசிறியில் இருக்கிறார்’ என்று தமிழில் சொன்னது. மூச்சு விடவைக்கிற மெசினைத்தான் அந்தப் புத்திசாலி அப்படிச் சொல்லியிருக்கிறது என்று றினோஸா கண்டுபிடிக்க அரை நாள் சென்றது. அந்த அரை நாளும் அன்ரோனெற் முகட்டு விசிறியை அண்ணாந்து பார்த்தபடி சோறு இறங்காமல் இருந்தாள். தாதியின் பாஷையைத் தானே படித்துவிடுவது என்று அவள் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

எட்டாவது தளம் கைகொடுத்தது. ‘ஆசுபத்திரியில்’ என்று ஒரு பயிற்சி. இருபது கேள்வி, இருபது மறுமொழி. ஒரு பெண்குரல் பாயாசம் பரிமாறுவதுபோல நிதானமாக வாசித்துக் காட்டியது. விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. றினோஸா அதைத் தமிழாக்கி ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தாள். ‘கோமோ எஸ்தா மி மரிதோ?’ என்றால் என் கணவர் எப்படி இருக்கிறார். ‘எஸ்தா பியென்’ என்றால் நன்றாக இருக்கிறார். நாளைக்கு வீட்டுக்கு வருகிறார் என்பது வரைக்கும் அந்த மறுமொழிகளில் இருந்தது.

மனப்பாடம் என்றால் அன்ரோனெற்றை அசைக்க ஆளில்லை. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்ரர் ஒரு கரையிலிருந்து வரிசையாகக் கேள்வி கேட்டு வருவார். மற்றப் பிள்ளைகள் தலையை எண்ணி, தங்களுக்கு எத்தனையாவது கேள்வி வரும் என்று கணக்குப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் பாடமாக்குவார்கள். அன்ரோனெற்றோ நூறையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து மாதா படம் பரிசு வாங்கியவள். கேள்வியைக் கேட்டு முடிக்கவே விடமாட்டாள். முதற் சொல் விழுந்ததும் மறுமொழி தானாக ஓடிவரும். எந்தக் கேள்விக்கும் ஒரேயொரு மறுமொழிதான், அதில் ஒரு சொல் மாறினாலும் பிழை என்பது அன்றைக்கே அவளுக்குள் இறங்கிவிட்ட சட்டம்.

நண்டு வாடிக் கொட்டகையில் சதை பிரித்தெடுக்கிற வேலை முடிந்து தினமும் பின்னேரம் கடைக்கு வந்தாள். நாலாம் நாள் இருபதுக்கு இருபது. கணினி பச்சை விளக்கெல்லாம் போட்டுக் கைதட்டியது.

“நீ உருகுவேயில பிறந்திருக்க வேண்டியவளடி!” என்றாள் றினோஸா.

அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பின்னேரம் ஐந்தரை. தலைமன்னாரில் கைத்தொலைபேசி நினைத்தபடி இந்தியச் சிக்னலுக்குத் தாவிவிடும் என்பதால், கடையின் கம்பித் தொலைபேசியில்தான் எடுத்தார்கள். தாதி எடுத்தாள். அன்ரோனெற் சிலுவை போட்டுக்கொண்டு, ‘கோமோ எஸ்தா மி மரிதோ?’ என்று பிசகில்லாமல் கேட்டாள்.

தாதி ஏதோ சொன்னாள். நீளமாக, சரசரவென்று சொன்னாள். அதில் ‘பியென்’ வரவில்லை. அன்ரோனெற் விடாமல் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். அதற்கும் கொப்பியில் இருந்த மறுமொழி வரவில்லை. மூன்றாவதைக் கேட்டாள். தாதி குறுக்கிட்டு எதையோ திருப்பிக் கேட்டாள். தன்னிடம் கேள்வி கேட்பார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் இல்லையே. அன்ரோனெற் போனை வைத்துவிட்டாள்.

“என்ன சொன்னவ?”

“முடிஞ்சுது, றினோஸா. இவர் எங்களை விட்டுப் போட்டார்.”

“அப்பிடிச் சொன்னவவோ?”

“பியென் எண்டு சொல்லேல்லை. நான் கேட்ட கேள்விக்கு அதுதானே மறுமொழி. அது இல்லையெண்டால் வேற என்ன?”

அழுகை வரவில்லை.  கோயிலுக்குப் போய்த் துக்க மணி அடிக்கச் சொல்ல வேண்டும், மணியடிக்கிற பஸ்ரியன் வலைக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்று அவள் எழும்பினாள். றினோஸா பாய்ந்துபோய்க் கதவடியில் நின்றுகொண்டாள்.

“காலமை ஸ்ரேபிள் எண்டு மெசேஜ் வந்ததல்லோ?”

“செத்தவையை விட ஸ்ரேபிளா ஆர் இருக்கினம்? அந்த மனுசன் எப்பவும் அதைத்தான் அனுப்புவார்.”

 றினோஸா எட்டி, மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து விரித்தாள்.

“சரி, போ. மறிக்கேல்லை. போக முன்னம் ஒண்டு சொல்லு. பதினாலாவது கேள்விக்கு என்ன மறுமொழி?”

அன்ரோனெற் வாயைத் திறந்தாள். வரவில்லை. உதடு தானாக முதலாவது கேள்வியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கியது. பதினாலுக்கு வர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“அப்ப ஒன்பதாவது?”

அதற்கும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

“அடி விசரி! உனக்கு ஸ்பானிஷ் தெரியாது. வரிசைதான் தெரியும்!” றினோஸா அவளைக் கையில் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினாள். பயிற்சியின் அடியில், இத்தனை நாளும் இருவரும் தொட்டே பார்க்காத ஒரு பொத்தான் இருந்தது. கேள்விகளைக் கலைத்துக் கேட்பதற்கானது. அழுத்தினாள்.

கணினி பதினேழாவதை முதலில் கேட்டது. அப்புறம் ஐந்தாவது. அப்புறம் பன்னிரண்டாவது. இடையில் அன்ரோனெற்றின் விரல் எங்கெங்கோ அமத்தியது. இருபதும் முடிய, சிவப்பு எழுத்தில் மார்க் வந்தது. இருபதுக்கு மூன்று.

அன்ரோனெற் அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப அவ சொன்னது எனக்கு விளங்கியிருக்காதெல்லோ?”

“எப்பிடி விளங்கும்? மூண்டு மார்க் எடுத்தவளின்ர பேச்சைக் கேட்டு ஒராளை மவுத்தாக்கலாமோ? அல்லாஹ்வே, ஊரே திரண்டு வந்திருக்கும்!”

 பரீட்சையில் தோற்றதற்காக அன்ரோனெற் சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மூன்று மார்க் எடுத்த மடைச்சி அவள். ஒன்றும் விளங்காதவள். அவள் புருசன் இருக்கிறார், இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு தகுதியும் இல்லை. அந்த எண்ணம் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! றினோஸா கொடுத்த பால் விடாத பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “இன்னொருக்கா கலை,” என்றாள்.

அடுத்த நாலு நாளும் கலைத்துக் கலைத்துத்தான் படித்தாள். ஆறு வந்தது, பத்து வந்தது, பதினைந்தில் நின்றது. பதினைந்துக்கு மேல் ஏறவேயில்லை. ஆனால் அந்தப் பதினைந்தும் அவளுக்கு நிசமாகத் தெரிந்தவை. மற்றப் பயிற்சிகளையும் தோண்டினாள். சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார், நடக்கிறார் என்று சொற்களைத் தனித்தனியாகப் பிடித்தாள். நண்டின் காலை உடைக்கும்போது ஒரு சொல், ஓட்டைப் பிரிக்கும்போது ஒரு சொல். வாடியில் வேலை செய்கிற மற்றப் பெண்கள் அவளுக்குக் கவலையில் மண்டை தட்டிவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் பாட்டுக் கேட்பதுபோல அந்தத் தளத்தின் உரையாடல்களைப் போட்டுவிட்டுச் சமைத்தாள். ஒரே கேள்விக்கு ஒருத்தி ஒருவிதமாகவும் இன்னொருத்தி இன்னொருவிதமாகவும் மறுமொழி சொல்வதைக் கேட்கக் கேட்கப் பழைய சட்டம் மெல்லத் தளர்ந்தது.

ஐந்தாம் நாள் ஐந்தரைக்கு எடுத்தார்கள். அதே தாதி. தளத்துப் பெண்குரலின் பாயாசம் எல்லாம் இவளிடம் இல்லை. மன்னார் பஸ்ஸில் கொண்டக்டர் ஆள் கூப்பிடுகிற வேகம். அன்ரோனெற் கொப்பியை மூடிவைத்துவிட்டுத்தான் பேசினாள். தான் அலெக்ஸாண்டரின் மனைவி என்றாள். எப்படி இருக்கிறார் என்றாள்.

தாதி நீளமாகச் சொன்னாள். அன்ரோனெற் பயப்படாமல் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கினாள். ‘தூபோ’ என்று வந்தது. மூச்சுக்குப் போட்ட ரியூப்.

“சீ தூபோ? நோ தூபோ?” என்று கேட்டாள். ரியூப் இருக்கிறதா, இல்லையா.

“நோ, நோ. சின் தூபோ!” என்றாள் தாதி.

“ரியூப்பை எடுத்திட்டினம்!” றினோஸாவின் கையைப் போட்டு நசுக்கினாள். றினோஸா கத்தாமல் பொறுத்துக்கொண்டாள்.

சாப்பிடுகிறாரா? ஓம், சூப் குடிக்கிறார். நடக்கிறாரா? இல்லை, இன்னும் இல்லை. அந்த ‘இல்லை’ அன்ரோனெற்றைச் சாய்க்கவில்லை. அது நடப்பதற்கு மட்டும் சொன்ன இல்லை என்று அவளுக்கு விளங்கியது. எவ்வளவு பெரிய நிம்மதி அது. ஒரு மனுசனுக்கு ஒன்று இல்லை என்றால் எல்லாம் இல்லை என்று ஆகிவிடாது.

அப்போது தாதி திடீரென்று சத்தம் போட்டு ஏதோ சொன்னாள். இதுவரை எந்தப் பயிற்சியிலும் கேட்காத சொல்.  இந்தமுறை அன்ரோனெற் போனை வைக்கவில்லை.

“மெதுவாச் சொல்லச் சொல்லி கேள்,” என்று றினோஸா கிசுகிசுத்தாள்.

கேட்டாள். தாதி மெதுவாகச் சொன்னாள். அப்போதும் விளங்கவில்லை.

“நோ என்தியெந்தோ,” என்றாள் அன்ரோனெற், வெட்கப்படாமல். “எனக்கு விளங்கேல்லை, தங்கச்சி.” பின்பாதி தமிழில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

தாதி மூன்றாந்தரம் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. போனின் கம்பி எதிலோ உரசியது. பிறகு ஒரு மூச்சு. குரலே இல்லாத வறண்ட மூச்சு, விட்டுவிட்டு, இடையில் இருமி, திரும்பவும் தொடங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை. பதினாறு வருடம் ஒரே வீட்டில் கேட்ட சத்தம், தெரியாமல் போகுமா? அவள் தாதியோடு ஸ்பானிஷ் கதைத்ததை இவ்வளவு நேரமும் போனின் ஸ்பீக்கரில், கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுசன். சிரிக்கிறார். தாதி சத்தம் போட்டுச் சொன்னதும் இதைத்தான். ரியூப் போட்டிருந்த தொண்டையில் குரலில்லை, காற்றை வைத்துச் சிரிக்கிறார்.

“என்னடி, என்ன நடந்தது?” என்றாள் றினோஸா.

அன்ரோனெற்றுக்கு இத்தனை நாளும் வராத அழுகை வந்தது. மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ, சிரியுங்கோ,” என்றாள். “இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ.”