கேப்டனுக்குத் தைத்த சட்டை

"ஆள் நேரில் வந்தால்தான் அளவு எடுக்கப்படும்" என்று கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்த தையல்காரம்மா, அந்த விதியை ஒரே ஒருவருக்காகத்தான் மீறினாள். அவர் கப்பல் கேப்டன். போனில் மெசேஜாக மட்டுமே வருவார். ஐம்பது வயதுக்கு மேல் காதல் வரக்கூடாது என்று யார் சொன்னது? "சாப்பிட்டியா கண்ணு?" என்று தினமும் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கேப்டனுக்குத் தன் கையாலேயே மாப்பிள்ளைச் சட்டை தைப்பதென்று முடிவெடுத்தாள். ஒவ்வொரு துண்டாக வெட்டும்போதும் அளவு கேட்டாள். காலையில் கழுத்து, மத்தியானம் தோள், மறுநாள் மார்பு, அப்புறம் கை. அவரும் சளைக்காமல் அனுப்பினார். கூடவே, கப்பலைத் துறைமுகத்தில் பிடித்துவைத்துவிட்டார்கள், மீட்கப் பணம் வேண்டும் என்றும் கேட்டார். மோட்டார் மெஷின் வாங்க அவள் சேர்த்த பணம் பெட்டியில் இருந்தது. சட்டையை முடித்த கையோடு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏன்க்கா, நேர்ல வர மாட்டேங்குறான், வீடியோல மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறான், காசு மட்டும் கேக்குறான். உனக்கு உறைக்கவே இல்லையா?" என்றாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கை.

"நடுக்கடல்ல சிக்னல் கிடைக்குமாடி?"

"துறைமுகத்துலதானே புடிச்சு வெச்சிருக்காங்க?"

"உனக்குப் பொறாமை. வாய மூடிட்டுப் பட்டனைத் தை."

சட்டை முடிந்தது. இஸ்திரி போட்டுக் கடைப் பொம்மைக்கு மாட்டினாள். ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! கழுத்து ஒரு குழந்தைக்குக்கூடப் பத்தாது. மார்புக்குள் இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். கைகள் முட்டி வரை தொங்கின. தங்கை தரையில் உருண்டு சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து மறுபடி அளந்தாள். அவர் சொன்ன அளவிலிருந்து ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தப்பு தன் கையில் இல்லையென்றால் ஆளில்தான் இருக்கவேண்டும். கழுத்து அளவை இன்னொரு முறை கேட்டாள். இந்தத் தடவை மூன்று அங்குலம் கூடி வந்தது.

நேராகவே கேட்டுவிட்டாள்: "இந்தப் போன்ல எத்தனை பேர் மாத்தி மாத்தி உக்கார்றீங்க?"

பதில் வந்தது. "நாலு பேரு, அக்கா. மொதல்ல சொன்ன கழுத்து மட்டும்தான் என்னோடது."

கண்ணு போய் அக்கா ஆகிவிட்டது!

"தினமும் சாப்பிட்டியான்னு கேட்டது உங்கள்ல யாரு?"

"டியூட்டில யார் இருக்காங்களோ அவங்க."

அவ்வளவுதான், போனிலிருந்து கேப்டனின் படம் மறைந்துபோனது. அவள் பணப்பெட்டியைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடியும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பணம் பிழைத்தது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை.

தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்திரிக்கா. சாப்பாடு ஆறிப்போச்சு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

"நீ சாப்பிடாம நான் என்னைக்குச் சாப்பிட்டிருக்கேன்?"