அறிவியல் டீச்சர் போட்ட முட்டை

அறிவியல் டீச்சர் காலாண்டுத் தேர்வில் போட்ட முட்டை பதினெட்டாம் நாள் பொரிந்தது. அந்தப் பள்ளியில் முட்டை போடுவது ஒன்றும் புதிதல்ல. கணக்கு சார் அதே தேர்வில் பதினோரு முட்டை போட்டிருந்தார். பதினொன்றும் சிவப்பு மையில் வட்டமாகத் தாளிலேயே சமர்த்தாகக் கிடந்தன. டீச்சர் போட்டது மட்டும் மறுநாள் காலை தாளைவிட்டு எழும்பி, ஓடு கட்டி, ஆய்வுக்கூடத் தராசில் முப்பத்தெட்டு கிராம் நின்றது. அவர் அதைத் தாளோடு சேர்த்துப் பஞ்சில் பொதிந்து, அமிலக் குப்பிகள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கேட்டவர்களிடம், ஏதோ பறவை ஜன்னல் வழியாக வந்து இட்டுவிட்டுப் போயிற்று என்றார். ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.

முட்டையை வாங்கியவள் ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் வரிசைப் பெண். யார் எதைச் சொன்னாலும் 'ஆனா டீச்சர்', 'ஆனா சார்' என்றே வாயைத் திறப்பாள் என்பதால் அவளுக்கு ஆனா என்றே பெயர் விழுந்திருந்தது. தொல்லுயிர் எச்சம் என்றால் என்ன என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பாறையில் பதிந்த பழைய உயிரின் தடம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் வம்பில்லை. அவள் எழுதியது இப்படி: 'வந்த' என்று மட்டும் சொன்னால் யார் வந்தது என்று கேட்கத் தோன்றும், சொல் முடியவில்லை, அதனால் அதைத் தமிழ் வகுப்பில் எச்சம் என்கிறோம், பாறையில் ஓர் எலும்பைப் பார்த்தாலும் யாருடையது என்று கேட்கத் தோன்றும், அதுவும் முடியவில்லை, அதனால் அதுவும் எச்சம்.

டீச்சர் திருத்திய கையோடு அதை வகுப்பில் ராகம் போட்டு வாசித்துக் காட்டினார். "காக்கா எச்சத்தை ஏம்மா விட்டுட்டே? அதையும் சேர்த்திருந்தா அரை மார்க் போட்டிருப்பேனே." மணியடிக்கும்வரை வகுப்பு சிரித்தது. அன்று பாடம் நன்றாகப் போனதாகவே டீச்சருக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து ஆனா 'ஆனா' சொல்வதை நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் மற்றதையும் நிறுத்தினாள்.

அவளுடைய அம்மா தையல்காரர். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே பள்ளிக்கு வந்தார். "வீட்லயும் வாயே திறக்கமாட்டேங்கிறா டீச்சர். தொண்டையில ஏதாவது இருக்குமா? நீங்க சயின்ஸ் படிச்சவங்க, சொல்லுங்க." சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது டீச்சருக்கு நன்றாகவே தெரியும். அவர், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். அந்த அம்மா இரண்டு கையாலும் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் போனதும் டீச்சர் அந்தக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். நீரில் கரையாத பொருள்கள் என்று அவரே பாடம் நடத்தியிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருந்தது.

முட்டை பொரிந்த அதே நாளில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாடங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமாம், அதற்கு மற்ற ஆசிரியர்களுக்கு உதவ ஒருவரை நியமிக்க வேண்டுமாம். தலைமையாசிரியர் அறிவியல் டீச்சரை நியமித்தார். சார்ட்டில் எழுத அவருடைய கையெழுத்துத்தான் லாயக்கு. டீச்சர் ஆறு பாடங்களை ஆறு வட்டங்களாக வரைந்து நடுவே பதினைந்து அம்புக்குறிகள் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டியபோது, அலமாரியிலிருந்து தப்பிய பறவை வந்து சார்ட்டின் மேல் உட்கார்ந்தது. அலகும் கழுத்தும் இறக்கையும் இருந்தன. அதற்குப் பின்னால் பறவை இல்லை. பின்பாதி இல்லாமல் அது புவியியல் வட்டத்தின்மேல் எச்சமிட்டது எப்படி என்று எவரும் விசாரிக்கவில்லை. கூட்டத்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது. டீச்சர் பேச ஆரம்பித்ததும் பறவை, "ஆனா" என்றது.

தமிழய்யா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது நம்ம ஒன்பதாவது பொண்ணு குரல் மாதிரி இல்ல?"

"எல்லாப் பறவையும் இப்படித்தான் கத்தும் ஐயா," என்றார் டீச்சர்.

நான்கு வாரம் பாடங்கள் இணைந்தன. தமிழய்யா செய்யுளில் எத்தனை எழுத்து என்று எண்ணிக் கணக்கு சாரிடம் ஒப்படைத்தார். கணக்கு சார் அதைச் சராசரி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள், டீச்சர் அம்புக்குறியின்மேல் பச்சை மையில் டிக் அடித்தார். ஒவ்வொரு டிக்குக்கும் பறவை "ஆனா" என்றது. மூன்றாம் வரிசையில் ஆனா குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்காமலே பாடம் நடத்த டீச்சர் பழகிக்கொண்டார், அதனால் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அரையாண்டுத் தேர்வில் அவள் எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரால் உட்கார முடியவில்லை.

அடுத்த நாள் அவர் தமிழய்யாவையும் அழைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். பறவையும் வந்து கரும்பலகையின்மேல் அமர்ந்தது. டீச்சர் பழைய தாளைப் பிரித்து, ராகம் இல்லாமல், முதலிலிருந்து வாசித்தார். இந்தப் பறவை தாம் போட்ட முட்டையிலிருந்து வந்ததென்றும், ஜன்னல் கதை பொய்யென்றும், தொண்டையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தே உப்புத்தண்ணீர் சொன்னதாகவும் சொன்னார். காது வரை சிவந்திருந்தார். "அன்னைக்கு எனக்கு இது புரியல. தமிழ் எச்சம் எனக்கு மறந்தே போச்சு. புரியலன்னு சொல்ல வெட்கப்பட்டுத்தான் உன்னைச் சிரிக்க வச்சேன்... இல்ல, உன்னைப் பார்த்துச் சிரிக்க வச்சேன்." பிறகு அவர் முன்வரிசையில் ஒரு பிள்ளையை நகரச் சொல்லி உட்கார்ந்து, ஐயா, எச்சம் நடத்துங்க, என்றார்.

தமிழய்யா சுண்ணக்கட்டியை எடுத்தவர் அப்படியே நின்றார். "இருபத்திரண்டு வருஷமா நடத்துறேன். பக்கத்து வகுப்புல என்ன எச்சம் ஓடுதுன்னு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லம்மா," என்றார், யாரிடம் என்று தெளிவில்லாமல்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் திரும்பி, அந்தப் பதிலுக்கு இரண்டு மார்க் போட்டுவிடட்டுமா என்று ஆனாவைக் கேட்டார். அவள் எழுந்தாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"ஆனா டீச்சர், அதுல பாதிதான் இருக்கு. 'வந்து'ன்னாலும் எச்சம்தானே. வந்து என்ன பண்ணுச்சுன்னு கேக்கணும்ல? ஒரு மார்க் போடுங்க." உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

டீச்சர் ஒரு மார்க் போட்டார். அன்று மாலை தையல் கடைக்குப் போய்ச் சொன்னார். அந்த அம்மா மெஷினை நிறுத்தாமல் கேட்டார், உட்காரச் சொல்லவில்லை. அதுவும் சரிதான் என்று டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

ஆனா படித்து முடித்துப் போய்ப் பல வருடமாகிறது. பதினைந்து அம்புக்குறிகளும் மங்கிவிட்டன. ஆசிரியர்கள் இப்போது அடுத்தவர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, புரியாததைக் கையைத் தூக்கிக் கேட்கிறார்கள். முதல் மாதம் கூசும், பிறகு பழகிவிடும். பறவை தாழ்வாரத்தில் வசிக்கிறது. பள்ளிச் சொத்துப் பட்டியலில் 'பறவை, முன்பாதி, ஒன்று' என்று இருக்கிறது. புதிதாக வரும் ஆசிரியர்கள் இதன் மீதி எங்கே என்று கேட்டால், பக்கத்து வகுப்பில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் வேறு பக்கம் பார்க்கிறார். அவர்களும் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.