புகைக் கட்சியும் ஸ்பிரிங் கட்சியும்

எலாதியோ லுதுவேஞாவை உலகத்தில் எதனாலும் நகர்த்த முடியாமல் போனது சோளம் விலை இறங்கிய அதே மார்ச் மாதத்தில்தான். அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு பசு. கொர்தோபாவுக்கு வடக்கே எங்கள் சான் எவாரிஸ்தோவில் மாடுகள் தெருவில் ஆளை இடித்துக்கொண்டு போவது வழக்கம். இடிபட்டவர் தள்ளிப்போய் நின்று மாட்டுக்காரனின் பரம்பரையை விசாரிப்பதும் வழக்கம். அன்றைக்கு எலாதியோவை இடித்த பசு அப்படியே பின்னங்காலில் உட்கார்ந்து, யாரை இடித்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வடகாற்று அடித்துத் தபால் நிலையத்தின் தகரக் கூரையைக் கொண்டுபோனது. அதன் கீழே நின்றிருந்த எலாதியோவின் தலையில் தொப்பிகூட ஆடவில்லை. சுருட்டிக்கொண்டிருந்த புகையிலையில் ஒரு துணுக்கு சிந்தவில்லை. அவராக நடப்பார், உட்காருவார், மாத்தே என்கிற இலைத் தேநீரைக் குடிப்பார். ஆனால் வேறு ஒன்றாலும் அவரை அசைக்க முடியாது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிடிவாதம் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லலாம் என்றார்.

பிடிவாதம் எதைப் பற்றியது என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்துச் சோளக்காடுகளில் புறா அவ்வளவு. கூட்டம் சூரியனைக் கடந்து போகும்போது கோழிகள் நடுமத்தியானம் கூட்டுக்குள் போய் அடைந்துகொள்ளும். கூட்டம் போய் வெளிச்சம் வந்ததும் அடுத்த நாள் என்று நினைத்து இன்னொரு முட்டை போடும். இந்தப் புறாக்களைச் சுட வருஷம் பூராவும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து வேட்டை விடுதிகளில் தங்குவார்கள். மற்ற ஊர்களில் ஒரு துப்பாக்கி ஆயுள் முழுக்கச் சுடுவதை இங்கே ஒரு வாரத்தில் சுட்டுத் தள்ளிவிடும். சூடேறிய குழலின் மேல் கெண்டியை வைத்து மாத்தேக்குத் தண்ணீர் காய்ச்சுவார்கள். அதனால் ஒருமுறை சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் எது தாங்கும், எது படுத்துக்கொள்ளும் என்பது செய்த கம்பெனிக்குத் தெரியும் முன்பே எங்கள் ஊர் நாவிதருக்குத் தெரியும். மற்ற ஊர்கள் கால்பந்தில் இரண்டாகப் பிரியும். நாங்கள் இதில் பிரிந்தோம்.

புகைக் கட்சியின் துப்பாக்கி வெடித்த புகையில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் திருடி, அதை வைத்து உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளி வேலையை முடித்துக்கொள்ளும். உதை பாதி வழியிலேயே செலவாகிவிடுவதால் தோளுக்குச் சுகம். ஆனால் உள்ளே கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். ஸ்பிரிங் கட்சியின் துப்பாக்கிக்குப் புகை ஆகாது. வெடித்ததும் துப்பாக்கி மொத்தமும் பின்னால் போகும். உள்ளே தோட்டாவை அடைத்துப் பிடிக்கும் போல்ட் மட்டும் நான் வரவில்லை என்று நின்ற இடத்திலேயே நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்பிரிங் நசுங்கி, பிறகு கோபத்தோடு விரிந்து போல்ட்டைத் தள்ளிக் காலித் தோட்டாவை வெளியே எறியும். சுத்தமான வேலை, மாதக் கணக்கில் துடைக்க வேண்டாம். உதை மட்டும் முழுசாகத் தோளுக்கு வந்து சேரும். குழலே பின்னால் போய்த் திரும்பி வரும் பழைய கூன்முதுகுத் துப்பாக்கிக்கும் ஒரு கட்சி இருந்தது. அதில் பாதிரியார் ஒருவர்தான் உறுப்பினர். லத்தீனையும் அவர் ஒருவர்தான் விடவில்லை.

எலாதியோ ஸ்பிரிங் கட்சியின் தூண். முதலாளியம்மா ஒஃபேலியாவின் விடுதியில் துப்பாக்கி மெக்கானிக். அவர் வீட்டுக்குள் தூசி நுழையாது. கதவு வரை வந்து, யார் வீடு என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். புகைக் கட்சிக்குத் தூண் பக்கத்து விடுதி மெக்கானிக் அன்செல்மோ பாசான். இவர் வீட்டின் மேல் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரி மழையாகப் பெய்யும். அவர் முற்றத்தில் முட்டையிலிருந்து பொரிந்த வெள்ளைக் கோழிக்குஞ்சு சனிக்கிழமை வரைதான் வெள்ளை. அவர் மனைவி துணியைப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டாள், அதற்கு வாடகையாக வாரம் ஒரு பூசணிக்காய் கொடுத்தாள், அவ்வளவுதான். இந்த அன்செல்மோவின் தங்கை நெலிதாதான் எலாதியோவின் மனைவி. ஆக, ஞாயிறு மத்தியானம் இறைச்சி சுடும் இடத்தில் இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தார்கள்.

அந்த மார்ச் ஞாயிறு, முந்தின நாள் எலாதியோவின் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போன நெலிதா, தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், சாலட் கிண்ணத்தோடு வந்தாள். சாயங்காலம் அண்ணன் துப்பாக்கியையும் வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. விருந்தாளிகள் எதிரிலேயே அதைச் சொன்னாள். "அண்ணன் துப்பாக்கி தோளத் தட்டி, வரலாமான்னு கேட்டுட்டு வருது. உன்னுது கதவ ஒடச்சிக்கிட்டு வருது."

எலாதியோ இறைச்சியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "துப்பாக்கில தப்பில்ல. தோள்லதான் தப்பு."

கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பெட்டியோடு வந்தாள். "பத்தொம்பது வருஷத்துல நான் சொன்ன ஒண்ணயாவது சரின்னு சொல்லிருக்கியா நீ? மழ வருதுன்னு சொன்னாக்கூட நனஞ்சதுக்கு அப்பறம்தான் ஒத்துக்குவ. ஒரு தடவ, ஒரே தடவ நகர்ந்து குடு, வரேன்." தொதொராலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பசு இடித்தது அதற்கு மூன்றாம் நாள்.

அவள் இல்லாத வீட்டில் எலாதியோ எப்படி இருந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாத்தேயை மட்டும் இரண்டு பேருக்குப் போட்டு, இரண்டாவதையும் தானே குடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தொதொரால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க அல்ல, விளக்கம் சொல்ல. பஸ் கிளம்பியது, அவர் கிளம்பவில்லை. பின்பக்கத் தகரத்தில் அவர் உருவத்துக்கு ஒரு ஓட்டை விழ, பஸ் அதன் வழியாக அவரை விட்டுவிட்டு முன்னால் போனது. அவர் பெயர்ந்த சீட்டின் மேல் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் இறங்கி வந்து நிதானமாகப் பார்த்தான். "பெரியவரே, நீங்க எறங்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. சீட்ட மட்டும் பஸ்லயே விட்டுட்டு எறங்குங்க." நடந்து போகவும் பார்த்தார். ஆனால் போய்ச் சொல்லப்போகும் விளக்கத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்ததுமே கால் தரையில் ஊன்றிக்கொள்ளும்.

பெரிய அவமானம் இன்னொன்று. அவர் கையில் ஸ்பிரிங் துப்பாக்கி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஒன்று வெடிக்கும், அதோடு சரி. காலித் தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மற்றவர் கையில் கொடுத்தால் தையல் மெஷின் மாதிரி ஓடும். எண்ணெயைக் குறை சொன்னார், தோட்டாவைக் குறை சொன்னார், ஈரக் காற்றைக் குறை சொன்னார். ஏப்ரலில் ஒருநாள் கொல்லைப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு புகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். அருமையாக ஓடியது, சுடுகிறவன் மனுஷனா மதில்சுவரா என்றெல்லாம் அது கேட்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் விடிந்ததும் அவர் முற்றத்தில் ஒரு விரல் கனத்துக்குக் கரி பெய்திருந்தது. ஊர் மொத்தமும் வேலி ஓரம் வந்து நின்று, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, இங்கே மட்டும் எப்படி என்று ஆளுக்கொரு தரம் விசாரித்துவிட்டுப் போனது.

மே மாதம் முதலாளியம்மா ஒஃபேலியாவுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு விதத் துப்பாக்கிக்கும் இரண்டு விதச் சாமான் வாங்கி வாங்கி, எந்த ஸ்பிரிங் எதற்கு என்று கனவில் வருகிறதாம். பக்கத்து விடுதியிலிருந்து அன்செல்மோவையும் வரவழைத்து, இரண்டு பேரும் ஊர் பார்க்கச் சுடட்டும், கடைசி வரை நிற்காமல் ஓடுகிற வகையை மட்டும் வாங்குகிறேன் என்றாள். வியாழக்கிழமை சோளக்காட்டில் நாற்காலி போட்டார்கள். பாதிரியார் கூன்முதுகுத் துப்பாக்கியோடு வந்திருந்தார், யாரும் அழைக்கவில்லை.

தோட்டா நிரப்பிக்கொண்டே அன்செல்மோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அப்போது மட்டும் அவர் முகத்தில் கேலி இல்லை. "மாப்ள, ஒண்ணு சொல்லணும். நெலிதா சனிக்கெழம மென்டோசா பஸ் ஏறுறா. எங்க பெரியம்மா பொண்ணு அங்க எம்பனாதா பலகாரக் கட வச்சிருக்கா, கூட இருக்கக் கூப்புட்டிருக்கா. போனா திரும்ப மாட்டா. எனக்குத் தெரியும் அவள."

எலாதியோ துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டார். நின்றது. கையால் இழுத்துத் தோட்டாவை எடுத்தார். சுட்டார். நின்றது. அந்தப் பக்கம் அன்செல்மோவின் துப்பாக்கி காலித் தோட்டாக்களை மழையாக எறிந்துகொண்டிருந்தது. தோட்டா சரியில்லை என்று எலாதியோ முணுமுணுத்தது நாற்காலி வரிசை வரைக்கும் கேட்டது. முதலாளியம்மா எழுந்து வந்தாள். எழுபது வயசு, எலும்புக்கு மேல் கம்பளி. அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, வரிசையாகச் சுட்டுத் தீர்த்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் நாணல் மாதிரி வளைந்து நிமிர்ந்தது. காலித் தோட்டாக்கள் அழகாகப் பறந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெனம் காலைல நீதானப்பா பாடம் எடுப்ப. மரத்துல சாஞ்சிக்கிட்டு சுடாதீங்க, துப்பாக்கி பின்னால போக எடம் குடுங்க, எடம் குடுத்தாத்தான் ஸ்பிரிங் வேல செய்யும்னு. இப்ப நீ எந்த மரத்துல சாஞ்சிருக்க, எலாதியோ?"

அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். பின்னால் மரம் இல்லை. காடே காலியாகக் கிடந்தது. நாற்காலிகளில் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. மார்ச்சில் வேட்டை முடிந்து வந்த அந்தச் சனிக்கிழமை இரவு நெலிதாவின் தோளுக்குத் தைலம் தடவிக் கொடுத்தது அவர்தான். விரல் பட்டதும் அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அப்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மறுநாள் தோளைக் குறை சொன்னார்.

"மச்சான்," என்றார் அடிக்குரலில். "ஒன் துப்பாக்கி மெல்லத்தான் ஒதைக்குது. அவ சொன்னது சரி. தோள்ல தப்பில்ல."

"சத்தமா சொல்லு மாப்ள. இந்தக் காதுல இருவது வருஷமாக் கரி அடச்சிருக்கு."

சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டார். மார்ச்சிலிருந்து அவர் சுட்ட ஒவ்வொரு வெடியின் உதையும் போக இடமில்லாமல் அவருக்குள்ளேயே அடைந்து கிடந்தது. பசு இடித்ததும் காற்று அடித்ததும்கூட அங்கேதான் காத்திருந்தன. எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. எலாதியோ நின்ற வாக்கில் பின்னால் போக ஆரம்பித்தார். இரண்டு குதிகாலும் கலப்பை மாதிரி மண்ணை உழுதன. வேலியைக் கடந்தார், சாலைக்கு வந்தார், தெற்கே திரும்பினார். பாதிரியார் சிலுவைக் குறி போட்டார். அன்செல்மோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்த வேகத்தில் சாயங்கால மாத்தேக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றார். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர், பின்பக்கமாகப் போகிறவருக்கு என்ன அபராதம் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டி, அப்படி எதுவும் இல்லாததால் சல்யூட் வைத்து அனுப்பினார். டயர் மாற்றிக்கொண்டிருந்த தொதொரால் பஸ்ஸையும் எலாதியோ தாண்டிப் போனார். டிரைவர் ஒரு சின்ன ஹாரன் அடித்தான்.

தொதொராலில் வளைவுகளில் வளைந்து, திராட்சைப் பந்தலுக்கு அடியில் நுழைந்து, அக்கா வீட்டுச் சமையலறைக் கதவில் முதுகு முட்டி நின்றார். உள்ளே நெலிதா ஒரு பெரிய பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். முதுகும் தொப்பியும்தான் தெரிந்தன.

"யாரு?"

"நாந்தான்." தெருவைப் பார்த்தபடியே சொன்னார். திரும்பினால் மறந்துவிடுவோமோ என்ற பயம். "நெலிதா, உங்க அண்ணன் துப்பாக்கி மெல்லத்தான் ஒதைக்குது. நான் மருந்து தடவுனப்பவே எனக்குத் தெரியும்."

அவள் அவர் முதுகில் ஒட்டியிருந்த திராட்சை இலை ஒன்றை எடுத்துப் போட்டாள். பிறகு சுற்றி வந்து முன்னால் நின்று, ஒற்றை விரலை அவர் தோளில் வைத்துத் தள்ளினாள். எலாதியோ ஒரு அடி பின்னால் போனார். இன்னொரு தரம் தள்ளினாள். இன்னொரு அடி போனார். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள்.

சனிக்கிழமை மென்டோசா பஸ் ஒரு சீட்டு காலியாகப் போனது. முதலாளியம்மா இரண்டு வகையிலும் பாதிப் பாதி வாங்கினாள். அன்செல்மோவின் துப்பாக்கியும் அன்றைக்குப் பொழுது சாயும்போது கரி அடைத்து இருமி நின்றுபோனதால் வேறு வழியில்லை. சோளக்காட்டிலிருந்து தொதொரால் வரை எலாதியோவின் குதிகால்கள் போட்ட இரண்டு பள்ளங்களில் நகராட்சி ஒன்றில் குடிநீர்க் குழாயும் மற்றதில் டெலிபோன் கம்பியும் புதைத்துக்கொண்டது. எலாதியோ இப்போதும் ஸ்பிரிங் கட்சிதான், நெலிதா புகைக் கட்சி. அவள் சொல்வதை அவர் சரி என்று ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போய் இடித்துக்கொள்கிறார் என்பதால், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் அவள் ஒரு தலையணையைக் கட்டி வைத்திருக்கிறாள். விருந்துக்கு வருகிறவர்கள் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. இறைச்சித் தட்டை மட்டும் அவர் கைக்கு எட்டும்படி கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள்.