எட்டாவது விண்ணப்பம்

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பா அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார். மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று வாடகைக்கு வந்திருந்தது. பார்க்க வரச் சொன்ன நேரம் பத்து மணி. இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் படிக்கட்டு நெடுகிலும் படிக்கு ஓர் ஆளாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு கோப்பு.

"என்ன பாப்பா, மேல ஏதாவது வேலைக்கு ஆள் எடுக்குறாங்களா?"

"மெதுவாப் பேசுங்கப்பா. எல்லாரும் வீடு பார்க்க வந்தவங்க."

"ஒரு வீட்டுக்கா?"

"ஒரு வீட்டுக்குத்தான்."

பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை ஆறு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். இப்போது குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். காலி செய்யப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அதற்குள் வேறு வீடு அமையாவிட்டால் வேலையை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. அங்கிருந்து மருத்துவமனைக்குப் பஸ்ஸும் ரயிலுமாக மூன்று மணி நேரம் ஆகும்.

அப்பா கதவு, ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்பார்கள். அரை நூல் பிசகினாலும் சட்டத்தைக் கழற்றச் சொல்வார் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'அரைநூல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்தெட்டு வயதில், ஒற்றைச் சம்பளத்தில், ஒருவரிடமும் கைநீட்டாமல் சொந்த வீடு வாங்கியவர். அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது கிடையாது.

இரண்டு மாதம் முன்பு போனில் அதே கதை வந்தபோதுதான் சண்டையும் வந்தது.

"மாசம் ஒரு ஊர் சுத்தல், வாரம் ஒரு ஓட்டல், காதுல மாட்ட ஒண்ணு, கையில கட்ட ஒண்ணு. இப்படி இருந்தா வீடு எங்கேருந்து வரும்?"

"நாலையும் நிறுத்திட்டா இன்னும் நானூறு வருஷத்துல வாங்கிடலாம்பா" என்று சொல்லிவிட்டுப் பாப்பா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. அம்மாதான் நடுவில் புகுந்து இவரைக் கிளப்பி அனுப்பினாள். "கூடப் போய்ட்டு வாங்க. வாயை மட்டும் இங்கயே வச்சிட்டுப் போங்க."

வரிசை இரண்டு படி நகர்ந்தது. பாப்பாவுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கோப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பேசினாள். அப்பா சும்மா இருக்க மாட்டாமல் கோப்பைத் திறந்தார். மேலே வீட்டுக்காரருக்கு எழுதிய விண்ணப்பம் இருந்தது.

'நான் தனியாக வசிப்பவள். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்கிறேன். இரவு ஒன்பது மணிக்குள் உறங்கிவிடுவேன். அதிகம் சமைப்பதில்லை. பாட்டுச் சத்தம் இருக்காது. விருந்தினர் யாரும் வருவதில்லை.'

யாரைப் பற்றி எழுதியது இது என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. பாப்பா குளிக்கப் போனால் தெருமுனை வரை பாட்டுக் கேட்கும். சொல்லாமல் கொள்ளாமல் நாலு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவைத் திண்டாட வைப்பவள். போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவைப் பத்து நாள் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். விருந்தினர் யாரும் வருவதில்லை. அந்த வரியின்மேல் வைத்த கட்டைவிரலை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

ஒருவழியாக உள்ளே போனார்கள். தரகர் இளைஞர், ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு என்றார். ஒன்பதரைக்குப் பதினொன்றுதான் என்று அப்பாவின் கண் சொன்னது. ஜன்னல் சட்டம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"ஜாமீன் போடுறது யாருங்க?" என்று தரகர் கேட்டார்.

இதற்கு மட்டும் வாயைத் திறக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. "நான்தான் தம்பி. அப்பா. சொந்த வீடு இருக்கு."

"இப்ப என்ன வேலை பார்க்குறீங்க சார்?"

"ரிட்டயர்டு. பென்ஷன் வருது."

"வாடகையைப் போல மூணு மடங்கு மாச வருமானம் காட்டணும் சார். வீடு கணக்குல வராது. தப்பா எடுத்துக்காதீங்க."

அப்பா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே நிற்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் பாப்பா கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். அவள் பிரிவின் தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜாமீன். தேதி போன வாரத்தது.

பன்னிரண்டு மணிக்குள் முடிவு சொல்வதாகத் தரகர் சொன்னார். கீழே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"என்னை ஜாமீனுக்கு எடுத்துக்க மாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்பா. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லலை."

அப்பா செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரும் வர்றதில்லைன்னு எழுதியிருக்கியே."

"படிச்சிட்டீங்களா?" பாப்பா கோப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "இது எட்டாவது விண்ணப்பம்பா. முதல்ல எழுதினதுல பாட்டு கத்துக்கிறேன்னு இருந்துச்சு. வீடு கிடைக்கலை, எடுத்துட்டேன். அப்புறம் சமையல். அப்புறம் சிநேகிதிங்க. ஒவ்வொரு தடவை இல்லைன்னு சொன்னப்பவும் ஒரு வரியை எடுத்தேன்."

"எங்களையும் எடுத்துட்டே."

"உங்களைக் கடைசியாத்தான்பா எடுத்தேன்."

சாலையைக் கடக்க ஒரு பெண் தள்ளுவண்டியோடு காத்திருந்தாள். அவள் கடந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா தொண்டையைச் செருமினார்.

"நான் வீடு வாங்கின கதையில ஒரு இடத்தை விட்டுட்டே சொல்லியிருக்கேன். அது ஒன்றரை வருஷமா விக்காமக் கிடந்த வீடு. அந்தப் பக்கம் அப்போ பஸ்ஸே போகாது. வித்தவர் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'எப்படியாவது எடுத்துக்கோங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்'னு கெஞ்சினார். நான் விலையைக் குறைச்சதை மட்டும்தான் உங்ககிட்ட சொன்னேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே நின்னா. இத்தனை வருஷமாக் காட்டிக் கொடுக்கலை."

பாப்பா சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும், "காதுல மாட்டுற ஹெட்போன் விலை ஜாஸ்திதான்பா" என்றாள். "வாங்கியிருக்க வேண்டாம்."

"பாட்டு நல்லாக் கேக்குமா?"

"ரொம்ப."

"அப்ப சரி."

பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. வீட்டுக்காரருக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: விருந்தினர் யாரும் இரவில் தங்கக் கூடாது. அது ஒப்பந்தத்திலேயே எழுதப்படும். அரை மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் வீடு அடுத்தவருக்கு.

"சரின்னு போடு" என்றார் அப்பா.

பாப்பா ஏதோ எழுதினாள். சரி என்பதற்கு இவ்வளவு நேரம் ஆகாதே என்று அவர் எட்டிப் பார்த்தார். 'என் அம்மாவும் அப்பாவும் மாதம் ஒரு முறை வந்து தங்குவார்கள். அதற்குச் சம்மதம் என்றால் நாளைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன்.'

"அழி பாப்பா. விளையாடாதே. ஏழு வீடு கை நழுவிப் போயிருக்கு. இருக்குறதே பன்னிரண்டு நாள்."

"தெரியும்."

"நாங்க காலையில வந்து சாயந்திரம் போயிடுறோம்."

"மூணு மணி நேரம் வந்து மூணு மணி நேரம் போறதுக்கா?"

"எனக்குப் பஸ்ல உக்கார்றது புடிக்கும்."

"போன தடவை வந்துட்டுப் போய் முதுகு புடிச்சு ரெண்டு நாள் படுத்தீங்க. அம்மா சொன்னா."

"அவ எதுக்கு எல்லாத்தையும் சொல்றா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "உனக்கு வீடு கிடைச்சாப் போதும்மா. எங்களை அந்தத் தாள்ல எழுதி என்ன ஆகப் போகுது?"

"இனிமே எடுக்குறதுக்கு அதுல வேற வரி இல்லப்பா" என்றபடி பாப்பா அனுப்பிவிட்டாள்.

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போனது. இருவரும் எழவில்லை. அடுத்ததும் போனது. அப்பா போனைப் பார்ப்பதில்லை என்ற பிடிவாதத்தோடு எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வரை வந்தபோது போன் மினுங்கியது. கேட்காமலேயே அவர் தலை திரும்பிவிட்டது.

பாப்பா போனை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். தரகர் ஒரே வரியில் கேட்டிருந்தார். 'மாதம் ஓர் இரவா, இரண்டா?'

"ஒண்ணு போதும்னு போடு" என்றார் அப்பா. "சீக்கிரம் போடு, மனசு மாறிடப் போறாங்க."

பாப்பா 'இரண்டு' என்று எழுதி அனுப்பினாள்.