இரண்டாவது நிபந்தனை

திரையில் ‘முடிந்தது’ என்ற பச்சை எழுத்து. மூன்று வாரத்துக்கு முந்தைய கணக்கு. தனுஷியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளவத்தை அலுவலகமொன்றில் அவள் பொறியியலாளர். கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் கட்டடத்தின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் அவள் வடிவமைத்தது. இன்றைக்குத்தான் முதல்முறை தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

சட்டம் எவ்வளவு வளையும் என்பதை மென்பொருள் ஒரே வீச்சில் சொல்லாது. ஓர் ஊகம், அதற்கொரு திருத்தம், பிறகு இன்னொரு திருத்தம். எப்போது நிறுத்துவதென்று மனிதர்தான் சொல்லவேண்டும். நிபந்தனை இரண்டு: திருத்தம் மிகச் சிறிதாக வேண்டும், பாரமும் அதைத் தாங்கும் விசையும் சமமாக வேண்டும். அன்று கணக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. வரைபடமோ மாலைக்குள் போகவேண்டும். இரண்டாவது நிபந்தனையை எடுத்துவிட்டாள். உடனே பச்சை எழுத்து வந்தது.

வீடு வந்து சேர்ந்தவனும் நடப்பதை நிறுத்துவான். கால் ஓய்ந்து நடுத்தெருவில் உட்கார்ந்தவனும் நிறுத்துவான். அவளுடைய கணக்கு எந்த ரகம்?

வேறு வேலைக்காகப் பழைய கோப்பைத் திறந்தபோதுதான் கேள்வி வந்தது. நிபந்தனையைத் திரும்பப் போட்டு ஓடவிட்டாள். சமப்படாத விசை குறையவில்லை. முப்பதாவது சுற்றில் ஏறத் தொடங்கியது: சட்டம் பாரத்தைத் தாங்காமல் போகலாம்.

“கம்ப்யூட்டர் ஓகே எண்டுதானே சொன்ன?” என்றார் முதலாளி ஸாலிஹ்.

“அது நான் சொல்ல வச்சது, சேர்.”

அதற்குள் அவள் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் நிக்கலஸ் சிரித்தார். “என்ன மிஸ், குளிக்க வாறீங்களா? முக்கால்வாசி நிரம்பிட்டு.”

“நிப்பாட்டுங்கோ! கீழ ஆர் இருக்கினம்?”

“மேல்மாடியில மூணு மணி கிளாஸ். நாப்பது பிள்ளைகள் இருக்கும்.”

“இறக்குங்கோ அண்ணை! தண்ணியைத் திறந்து விடுங்கோ!”

“கட்டடக்கார ஐயா சொல்லாம எப்படி மிஸ்?”

“பிழை என்ர. நான் சொல்லுறன், இறக்குங்கோ!”

மோட்டரை நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி நிக்கலஸ் சிங்களத்தில் கத்துவது கேட்டது. பிறகு படிகளில் செருப்புச் சத்தம், தடதடவென்று. யாரோ ஒரு பிள்ளை அழுதது.

நிக்கலஸ் திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பில்லை. “எல்லாரும் றோட்டுல நிக்கிறாங்க. மிஸ்... சட்டத்தின்ட மூலைத் தூண்ல, வெல்டிங் மேல பெயிண்ட் வெடிச்சிருக்கு. காலையில இல்ல.”

“கிட்டப் போகாதேங்கோ.”

ஸாலிஹ் கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தொலைபேசியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.